ரத்தத்தில் இருந்ததை யாரும் சொல்லவில்லை

"மூத்தது தங்கலை." விருதுநகர் மாவட்டத்தில் கூமாப்பட்டி, வத்திராயிருப்புப் பக்கம் வயதான தாய்மாரிடம் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால், சில வீடுகளில் பேச்சு இப்படித்தான் தொடங்கும். ஏன் தங்கவில்லை? சளி என்பார்கள், பேதி என்பார்கள், தோஷம் என்பார்கள். அதற்குமேல் யாரும் துருவுவதில்லை. துருவியாக வேண்டும்.

கிருமியை எதிர்க்கும் சக்தி இல்லாமலேயே சில குழந்தைகள் பிறக்கின்றன. அதில் மிகக் கடுமையான வகையை மருத்துவர்கள் 'ஸ்கிட்' என்பார்கள். பிறந்த அன்று குழந்தை கொழுகொழுவென்றே இருக்கும். ஓரிரு மாதத்தில் வாய்க்குள் வெள்ளை படியும்; மருந்து தடவினால் போய், மறுபடி வரும். பேதி நிற்காது, எடை ஏறாது. இடது கையில் பிசிஜி ஊசி போட்ட இடம் ஆறாமல் சீழ் கோக்கும், அக்குளில் நெறி கட்டும். மற்ற குழந்தைகளைக் காசநோயிலிருந்து காப்பாற்றும் அந்த ஊசியில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி. இந்தக் குழந்தையின் உடம்பில் அதுவே தறிகெட்டுப் பெருகும். அதற்காக யாரும் தடுப்பூசிக்குப் பயப்பட வேண்டாம். ஸ்கிட் மிக அரிது. ஆனால் இங்கிலாந்தில் 2021-ல் பிசிஜியை 28-ஆம் நாளுக்குத் தள்ளிவைத்தார்கள். அதற்குள், பிறந்த குழந்தைக்கு எடுக்கும் ஸ்கிட் பரிசோதனையின் முடிவு கைக்கு வந்துவிடும்.

ஸ்கிட்டுக்குக் காரணம், மரபணுவில் விழுந்த பிழை. சில வகைகள் தாய் வழியாக வந்து பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே பிடிக்கும். வேறு சில, தாய் தந்தை இருவரிடமும் வெளியே தெரியாமல் இருந்து, ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்போடு தலைகாட்டும். சொந்தத்தில் கட்டும்போது இருவரும் ஒரே பிழையைச் சுமக்கும் சாத்தியம் கூடுகிறது. தமிழ்நாட்டில் 28 சதவீதப் பெண்கள் உறவுக்குள் மணமுடித்தவர்கள் என்கிறது 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு. மாமன் மகளைக் கட்டியவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் பெரியம்மா வீட்டிலும் ஓர் ஆண் குழந்தை தங்கவில்லை என்ற செய்தி, கர்ப்பத்தைப் பதியும்போதே மருத்துவர் காதுக்குப் போக வேண்டும்.

பிறந்த பிறகு வரும் குறைபாட்டுக்கு இதே விருதுநகர் மாவட்டம் சாட்சி. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்ஐவி இருந்தது. சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம் அது. கொடுத்த இளைஞருக்குத் தொற்று இருப்பது 2016-லேயே தெரிந்திருந்தும், அவருக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில்தான் அறிந்தார். அறிந்ததும் தானாகவே ரத்த வங்கிக்குச் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றியாகிவிட்டது. மாதம் முடிவதற்குள் அந்த இளைஞர் தற்கொலை முயற்சிக்குப் பின் இறந்துபோனார். இந்தச் சங்கிலியில் சொல்ல வேண்டியதைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். 2019 ஜனவரியில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் பிறந்த பெண் குழந்தைக்குத் தொற்று இல்லை. தாய்க்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது.

பிறந்த பிறகு எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பது எச்ஐவி மட்டும்தான் என்று எண்ணிவிடக் கூடாது. உலகில் எதிர்ப்புச் சக்தியை அதிகம் பறிப்பது அரைவயிற்றுச் சாப்பாடு. கட்டுப்படாத சர்க்கரை, புற்றுநோய் மருந்துகள், மூட்டுவலிக்கென்று மருத்துவர் சீட்டு இல்லாமல் மாதக்கணக்கில் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரை எல்லாம் அதே வேலையைச் செய்கின்றன.

எச்ஐவிக்கு 2004 முதல் அரசு ஏஆர்டி மாத்திரையை இலவசமாகத் தருகிறது. ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் நெடுநாள் வாழ்கிறார்கள். பிறவிக் குறைபாட்டுக்கும் வழி உண்டு, நேரம்தான் குறைவு. மூன்றரை மாதத்துக்குள் மூலச்செல் மாற்று செய்த ஸ்கிட் குழந்தைகளில் 94 சதவீதம் பிழைத்ததாக 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. மத்திய அரசின் அரிய நோய்க் கொள்கையில் 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். சந்தேகத்தைக் கிளப்பச் சாதாரண ரத்த அணுக்கள் எண்ணிக்கைச் சோதனையே போதும். கைக்குழந்தைக்கு லிம்போசைட் என்னும் வெள்ளணு மைக்ரோலிட்டருக்கு 3,000-க்குக் கீழே இருந்தால், சளி மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பாமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.