கணிப்பொறிக் குழுவின் பெயர்ப் பட்டியல்

பல கணிப்பொறிகளை இணைத்து, ஒரே கணக்கைப் பகிர்ந்து செய்விக்கும் முறை இன்று பரவலாகக் கையாளப்படுகிறது. 1994-இல் அமெரிக்காவின் நாசா விண்வெளி நிறுவனத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் ஆகியோர் 16 கணிப்பொறிகளை இணைத்துப் பெயோவுல்ஃப் என்னும் குழுவை அமைத்தனர். விலை மலிந்த சாதாரணப் பொறிகளே இதற்குப் போதுமென்பது அதனால் விளங்கிற்று.

இத்தகைய குழுவிற்குப் பெயர்ப் பட்டியல் இன்றியமையாதது. அது ஒரு சிறு கோப்பே. வரிக்கொரு பொறியாக, அதன் பெயரும், அது ஏற்கவேண்டிய வேலைப் பகுதிகளின் எண்ணிக்கையும் அதில் குறிக்கப்படும். இவ்வெண், கோர் எனப்படும் கணிக்கும் உறுப்புகளின் எண்ணிக்கையை மிஞ்சலாகாது.

எடுத்துக்காட்டாக, எட்டெட்டுக் கோர்கள் கொண்ட பொறிகள் மூன்றும், நான்கு கோர்கள் கொண்ட பொறி ஒன்றும் உள்ளனவெனக் கொள்வோம். நான்காவதற்கும் 8 என்றே எழுதிவிட்டால், கணக்கு 32 சம பகுதிகளாகப் பிரியும். 24 பகுதிகள் ஒரு மணியில் முடிந்தாலும், எஞ்சிய 8 பகுதிகள் நான்கு கோர்களில் நெருக்குண்டு இரண்டு மணி நேரம் எடுக்கும். அதுவரை விடை கிட்டாது. 4 என்று எழுதியிருப்பின், 28 பகுதிகளாகிச் சுமார் 69 நிமிடங்களில் வேலை முடிந்திருக்கும்.

பட்டியலிலுள்ள பெயர் ஒவ்வொன்றும் மற்றப் பொறிகளுக்குத் தெரிந்ததாயிருத்தல் வேண்டும். கடவுச்சொல் கேளாமல் ஒன்றினுள் மற்றொன்று நுழைய வழி செய்தலும், நிரலை எல்லாப் பொறிகளிலும் ஒரே இடத்தில் வைத்தலும் அவசியம். பெருங்கணக்கைத் தொடங்குமுன், ஒவ்வொரு பொறியும் தன் பெயரைத் திருப்பிச் சொல்லும் சிறு சோதனையை நடத்துக. எப்பெயர் வரவில்லையோ, அவ்வரியிலிருந்தே ஆராய்ச்சியைத் தொடங்கலாம்.