கைப்பிடி சொல்லும் ஊர்

செஞ்சி நேயர்களே, ஒரு சொட்டுக்கூடச் சுவைக்காமல், ஒயின் எந்த ஊர்ப் பக்குவம் என்று சொல்ல முடியுமா?

முடியும்! இங்கிருந்து திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி போய், கொஞ்சம் தெற்கே தள்ளினால் அரிக்கமேடு. 1945-ல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தபோது, ரோமானியர் காலத்து ஒயின் ஜாடிகள் துண்டு துண்டாகக் கிடைத்தன. சிலவற்றுக்கு, இரண்டு களிமண் உருளைகளை ஒட்டிவைத்த இரட்டைக் கைப்பிடி. அதைப் பார்த்ததுமே, கிரேக்கத்தின் கோஸ் தீவுப் பாணி என்று அறிஞர்கள் சொல்லிவிடுவார்கள். கடல்நீர் கலந்து பக்குவப்படுத்துவதுதான் அந்நாளில் அந்தத் தீவு ஒயினின் தனிச்சிறப்பு! உப்புக்கரிப்போடு எப்படித்தான் இருந்திருக்குமோ! இப்படிக் கடல்கடந்து வந்த ஒயினுக்கு நம் இலக்கியத்திலும் சான்று உண்டு: யவனர், அதாவது கிரேக்கரும் ரோமானியரும், தந்த நறுமணத் தேறலைப் பொற்கிண்ணத்தில் அருந்தி மகிழும்படி, பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தும் பாடல் புறநானூற்றில் இருக்கிறது.