ஓலையின்றி வந்த தூதர்

புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து அப்பர் புக்கிட் தீமா சாலை வழியே தெற்கு நோக்கி வருவோர் பழைய ஃபோர்டு மோட்டார் ஆலையைக் காண்பர். இன்று அது காட்சியகம். 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல், ஜப்பானியத் தளபதி யமாஷிதாவிடம் சிங்கப்பூரை ஒப்படைத்த இடம் அதுவே. இருபது மாதங்கள் கழித்து, 1943 அக்டோபர் 21 அன்று, இதே நகரின் கத்தே அரங்கில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை நிறுவினார். ஆளவேண்டிய நாடோ பிரிட்டன் கையில். அரசு நிற்கும் மண்ணோ ஜப்பான் கையில். இத்தகைய அரசைப் பெருவல்லரசுகள் எவ்வாறு நடத்தின என்பது ஆராயத்தக்கது.

இரண்டே நாளில் ஜப்பான் அங்கீகாரம் அளித்தது. ஜெர்மனி, இத்தாலி, சயாம், பர்மா, மஞ்சுகோ முதலியனவும் சேர, அங்கீகரித்த அரசுகள் ஒன்பதாயின. அவற்றுட் பல பிறர் நிழலில் நின்றவை. ஆதலின் எண்ணிக்கை கூடிற்றேயன்றி வலிமை கூடவில்லை.

அங்கீகாரம் என்பது வெறும் மரியாதைச் சொல் அன்று. அங்கீகாரம் பெற்ற அரசின் வீரன் பிடிபட்டால் அவன் போர்க்கைதி, இன்றேல் கலகக்காரன். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து திரளாகச் சென்று இந்திய தேசிய ராணுவத்திற் சேர்ந்த தமிழர்க்கு, இவ்வேறுபாடு உயிரோடு ஒட்டியது.

1943 நவம்பரில் தோக்கியோ மாநாட்டில், அந்தமான் நிக்கோபார்த் தீவுகளைத் தற்காலிக அரசுக்கு அளிப்பதாகப் பிரதமர் தோஜோ அறிவித்தார். தலைமை ஆணையராக 1944இல் அங்குச் சென்றவர் ஒரு தமிழர், மருத்துவரான லோகநாதன். அவர் கைக்கு வந்தது கல்வித்துறை ஒன்றே! காவல்துறையை ஜப்பானியக் கடற்படை விடவில்லை. காவலில்லாத ஆட்சியை ஆட்சியென எவர் கொள்வர்?

1945 மார்ச்சில் ஜப்பான் தன் தூதராக ஹச்சியா தெருவோ என்பவரை இரங்கூனுக்கு அனுப்பிற்று. அவரிடம் நியமனப் பத்திரம் இல்லை. தற்காலிக அரசுக்கு அது வேண்டாம் என்பது தோக்கியோவின் எண்ணம். வடநூலார் தூதரைத் தலை, இடை, கடை என வகுத்து, ஓலை கொடுத்து நிற்பாரையும் அவருள் அடக்கினர் என்பது தூது அதிகாரத்துக்குப் பரிமேலழகர் தரும் குறிப்பு. ஹச்சியாவோ அவ்வோலையுமின்றி வந்தவர். நேதாஜி அவரைக் காண மறுத்துவிட்டார். உணவும் படைக்கலமும் ஜப்பானிடமிருந்தே வரவேண்டிய நிலையிலும் அவர் இதில் இறங்கிவரவில்லை. சரியான செயலே எனலாம். இதில் விட்டுக்கொடுத்திருந்தால் மற்ற அங்கீகாரமும் பொருளிழந்திருக்கும். பத்திரம் அனுப்பத் தோக்கியோ இசைந்தது. அது வந்து சேருமுன், ஏப்ரல் 24 அன்று நேதாஜி இரங்கூனை விட்டுப் புறப்படவேண்டியதாயிற்று.

பிரிட்டனின் முறை வேறு. அப்படியோர் அரசே இருந்ததில்லை என்பதே அதன் நிலை. 1945 ஜூலையில் சிங்கப்பூர்க் கடற்கரையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய வீரர் நினைவுச் சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷார் செப்டம்பரில் வெடிவைத்துத் தகர்த்தனர். ஷா நவாஸ்கான், சேகல், தில்லான் ஆகிய மூவர்மீது அரசருக்கெதிராகப் போர்தொடுத்த குற்றம் சாட்டி, நவம்பரில் தில்லிச் செங்கோட்டையில் விசாரணை தொடங்கினர்.

வழக்கறிஞர் புலாபாய் தேசாய் எடுத்துக்கொண்ட வாதம், போர் அறிவிக்கும் உரிமை அத்தற்காலிக அரசுக்கு இருந்தது என்பதே. லோகநாதன் சாட்சியானார். ஓலையின்றி வந்த அதே ஹச்சியாவும் ஜப்பானிலிருந்து வரவழைக்கப்பட்டு, தாம் தூதராக அனுப்பப்பட்டதைச் சொன்னார். நீதிமன்றம் மூவரையும் குற்றவாளிகள் எனக் கண்டு ஆயுட்கால நாடுகடத்தல் விதித்தது. எனினும் நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பைக் கண்ட தலைமைத் தளபதி ஆக்கின்லெக், 1946 ஜனவரியில் அத்தண்டனையை நீக்கினார். பணிநீக்கமும் ஊதிய இழப்பும் மட்டும் நின்றன.