பலகாரத் தட்டு பத்து வீடு சுற்றுகிறது!

டிசம்பர் பிறந்தால் நாகர்கோவில், தூத்துக்குடி, நாசரேத் பக்கத்து வீடுகளில் எண்ணெய்ச் சட்டி அடுப்பை விட்டு இறங்காது. ஒரு வீட்டில் அச்சு முறுக்கு. அடுத்த வீட்டில் முந்திரிக்கொத்து. அதற்கு அடுத்த வீட்டில் கலகலா. தூத்துக்குடி என்றால் மக்ரூனும் உண்டு. கேக் எல்லா வீட்டிலும் இருக்கும்.

டின் டின்னாக நிரப்பி வைப்பது வீட்டாருக்கு மட்டும் அல்ல. தட்டில் அடுக்கி, மேலே துணி மூடி, தெரு முழுவதும் கொடுத்து அனுப்புவார்கள். இந்து வீட்டுக்கும் போகும். முஸ்லிம் வீட்டுக்கும் போகும். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் வந்த தட்டுக்கு இது பதில் தட்டு.

அருமையான வழக்கம். அதை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் அந்தத் தட்டுகள் எல்லாம் கடைசியில் போய்ச் சேரும் இடம் வயிறு. அதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு நாள் அல்ல

"வருஷத்துக்கு ஒரு நாள்தானே, சாப்பிடுங்க!" என்று உபசரிப்பார்கள். ஒரு நாள் என்றால் பரவாயில்லை. ஒரு நாள் விருந்தால் யாரும் பருத்துவிடுவதில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் ஒரு நாளில் முடிகிறதா?

முதலில் கீத பவனி. பாடகர் குழு ராத்திரி பதினொரு மணிக்கு வாசலில் வந்து பாடும். கேக்கும் டீயும் கொடுக்க வேண்டும். குழுவோடு வீட்டாரும் சாப்பிடுவார்கள். பிறகு ஆபீசில் கேக் வெட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் வெட்டுவார்கள். 24-ந் தேதி நள்ளிரவுப் பூசை அல்லது 25-ந் தேதி அதிகாலை ஆராதனை. மத்தியானம் பிரியாணி. மறுநாள் மாமா வீடு. அதற்கு மறுநாள் சித்தி வீடு. 31-ந் தேதி ராத்திரி மீண்டும் கோவில், மீண்டும் கேக். புத்தாண்டுக்கு மீண்டும் பிரியாணி!

கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய இருபது நாள்.

அமெரிக்காவில் 195 பேரை நிறுத்துப் பார்த்து, 2000-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை ஒருவருக்குச் சராசரியாகக் கூடிய எடை 370 கிராம். 'இவ்வளவுதானா?' என்று தோன்றும். ஆனால் அடுத்த வருஷம் முழுவதும் அந்த எடை இறங்கவே இல்லை. அடுத்த பண்டிகை அதன் மேல் ஏறி உட்காருகிறது!

டீயில் ஒளிந்திருக்கும் சர்க்கரை

ஒரு நாளைக்கு ஒருவர் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதாவது சுமார் 6 டீஸ்பூன்.

பண்டிகை அன்று ஐந்து வீட்டுக்குப் போகிறோம். ஐந்து வீட்டிலும் டீ. கப்புக்கு இரண்டு ஸ்பூன் என்றால் பத்து ஸ்பூன். கேக்கைத் தொடுவதற்கு முன்பே கணக்கு மீறிவிட்டது! 50 கிராம் பழக் கேக் துண்டில் ஏறத்தாழ 170 கலோரி இருக்கிறது. அது வேறு.

சுலபமான வழி ஒன்று உண்டு. பலகாரம் சாப்பிடும் வீட்டில் சர்க்கரை இல்லாத டீ கேளுங்கள். இனிப்போடு குடிக்கும்போது அது கசப்பாகக்கூடத் தெரியாது.

கருப்பட்டி என்றால் பயமில்லையா?

இந்தியாவில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று 2023-ல் வெளியான கணக்கு சொல்கிறது. பண்டிகை வீட்டில் அவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

"முந்திரிக்கொத்தில் சீனி இல்லை பாட்டி, கருப்பட்டிதான்" என்பார்கள். கருப்பட்டியும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். உள்ளே பாசிப்பயறு இருப்பது நல்லதுதான். ஆனால் அது எண்ணெயில் பொரித்த பண்டம் ஆயிற்றே! பாதி எடுத்துக்கொள்ளலாம். அதையும் வெறும் வயிற்றில் அல்ல, சாப்பாட்டோடு சேர்த்து, அந்த வேளைச் சோற்றைக் குறைத்துக்கொண்டு.

சர்க்கரை ஏறுவது மட்டும் ஆபத்து அல்ல. இறங்குவதும் ஆபத்து. அதிகாலை ஆராதனைக்கு அவசரமாகக் கிளம்புவார்கள். மாத்திரை போட்டுக்கொள்வார்கள், அல்லது இன்சுலின் ஊசி குத்திக்கொள்வார்கள். சாப்பிட மாட்டார்கள். கோவிலில் கூட்டம். நடுவில் வியர்த்துக் கொட்டும். கை நடுங்கும். பேச்சு குழறும். 'கூட்டத்தில் புழுக்கம்' என்று மற்றவர்கள் நினைப்பார்கள்.

உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையையோ குளுக்கோசையோ தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். கேக் கொடுத்தால் போதாதா? போதாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை சீக்கிரம் ரத்தத்தில் சேராமல் தடுக்கும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். பண்டிகை நாட்களில் மாத்திரையும் ஊசியும் எந்த நேரத்துக்கு என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

"வாயுதான், சோடா குடிங்க!"

சுவீடன் நாட்டில் 1998 முதல் 2013 வரை வந்த மாரடைப்புகளை எல்லாம் கணக்கெடுத்தார்கள். மொத்தம் 2 லட்சத்து 83 ஆயிரத்துக்கு மேல். அங்கே கிறிஸ்துமஸ் விருந்து 24-ந் தேதி ராத்திரி. அந்த நாளில்தான் மாரடைப்பு அதிகம்! மற்ற நாட்களைவிட 37 சதவீதம் கூடுதல். ராத்திரி 10 மணி வாக்கில் உச்சம். 75 வயதுக்கு மேற்பட்டவர்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள், முன்பே இருதய நோய் உள்ளவர்கள்தான் அதிகம் தாக்கப்பட்டார்கள். விருந்துச் சாப்பாடு ஒரு காரணமாக இருக்கலாம். அலைச்சல், கவலை, மனத்தாங்கல் இவையும் காரணமாக இருக்கலாம் என்று டாக்டர்கள் கருதினார்கள்.

அமெரிக்காவில் 2004-ல் வந்த ஓர் ஆராய்ச்சியிலும் கிறிஸ்துமஸ், புத்தாண்டை ஒட்டி இருதய மரணங்கள் கூடுவது தெரிந்தது. வலி வந்தும் ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதிப்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பிரியாணி சாப்பிட்ட தாத்தா நெஞ்சைத் தடவுகிறார். "வாயுதான், சோடா குடிங்க" என்கிறார் ஒருவர். இஞ்சிச் சாறு பிழிகிறார் இன்னொருவர். வீடு நிறைய விருந்தாளிகள். கலவரப்படுத்த வேண்டாம் என்று தாத்தாவும் பேசாமல் இருக்கிறார். ஒரு மணி நேரம் ஓடிவிடுகிறது. இருதயத்துக்கு அந்த ஒரு மணி நேரம்தான் பொன்னான நேரம்.

நெஞ்சு இறுக்கம் இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்தால், மூச்சு வாங்கினால் சோடாவைத் தேடாதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். வாயு என்று தெரிந்தால் சிரித்துக்கொண்டே திரும்பி வரலாம்.

ஒயினும் மற்றதும்

சில வீடுகளில் திராட்சை ஒயின் ஊற வைப்பார்கள். 'பழச்சாறுதானே' என்று சிறுவர்களுக்கும் ஒரு கிளாஸ் கொடுப்பதுண்டு. இது தவறு. சர்க்கரை புளித்துச் சாராயமாக மாறுவதால்தான் அதற்கு ஒயின் என்று பெயர். பிள்ளைகளுக்கு ஒரு வாயும் கூடாது.

குடிவகையில் இவ்வளவு வரை கெடுதி இல்லை என்று சொல்ல எந்த அளவும் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் கூறியது. இருதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஒரு கோளாறுக்கு அமெரிக்க டாக்டர்கள் 1978-ல் 'விடுமுறை இருதயம்' என்றே பெயர் வைத்தார்கள். விடுமுறையில் அதிகம் குடித்தவர்களிடம் அதைக் கண்டதால் அந்தப் பெயர்! இன்சுலின் போடுகிறவர் குடித்தால் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கிவிடலாம்.

மிஞ்சிய பிரியாணி

அண்டாவில் மிஞ்சியதை அப்படியே மூடி, ராத்திரி சூடு பண்ணிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். சோற்றில் ஒரு வகைக் கிருமி உண்டு. அதன் விதை வேகும்போதும் சாவதில்லை. அண்டா வெதுவெதுப்பாக இருக்கும்போது முளைத்துப் பெருகி விஷத்தைக் கக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த விஷம் போகாது. பிறகு வீடு முழுக்க வாந்தி. மிஞ்சியதை அகலமான தட்டுகளில் பரப்பி ஆற வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப் பெட்டியில் வையுங்கள். பெட்டி இல்லாவிட்டால் உடனே பங்கு போட்டுக் கொடுத்துவிடுங்கள். சாப்பிட ஆளா இல்லை?

வேண்டாம் என்று சொல்வது எப்படி?

இதுதான் கஷ்டம். "வேண்டாம்" என்றால் வீட்டுக்கார அம்மாள் முகம் வாடிவிடும். "கொஞ்சம் கட்டிக் கொடுங்கள், வீட்டில் பிள்ளைகளோடு சாப்பிடுகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். முகம் மலரும். வயிறும் தப்பும்.

பரிமாறுகிறவர்களும் கொஞ்சம் மனம் வைக்கலாம். கேக்கைச் சின்னத் துண்டாக நறுக்கலாம். பிரியாணிக்கு முன்னால் வெங்காயத் தயிர்ப் பச்சடியும் வெள்ளரிக்காயும் வைக்கலாம். அடுத்த வீட்டுக்குப் போகும் தட்டில் நாலு அச்சு முறுக்கைக் குறைத்து, அந்த இடத்தில் இரண்டு கொய்யாப் பழம் வைக்கலாம். அந்த வீட்டுப் பாட்டிக்குச் சர்க்கரை இருப்பது தெருவுக்கே தெரியும். பாட்டி ஒரு பழத்தை எடுத்துக்கொள்வாள். முறுக்குக்குப் பேரன்கள் இருக்கிறார்கள்.