சத்தம் போடாத வால்வு

மோட்டார் சைக்கிள் எஞ்சினின் தலைப்பகுதியில் 'டிக் டிக்' என்று ஓர் ஓசை எழுவதுண்டு. 'டேப்பெட் சத்தம்' என்பார்கள் மெக்கானிக்குகள். பல ஆண்டுகளுக்கு முன் என் வண்டியிலும் அது கேட்டது. இயற்பியல் கற்பிப்பவனுக்கு இது ஒரு வேலையா என்று எண்ணி, ஓசை முற்றிலும் அடங்கும்வரை திருகை நானே இறுக்கினேன். வண்டி அமைதியாக ஓடியது. இரண்டே மாதங்களில் எக்சாஸ்ட் வால்வு கருகிவிட்டது.

நான் செய்த பிழை என்ன? ராக்கர் என்னும் சிறு நெம்புகோல் வால்வுத் தண்டின் நுனியை அழுத்தி வால்வைத் திறக்கிறது; சுருள்வில் அதை மூடுகிறது. வால்வு மூடியிருக்கும்போது நுனிக்கும் ராக்கருக்கும் இடையே சிறிது இடைவெளி இருந்தாக வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள். வால்வின் நீளம் 100 மி.மீ., எஃகின் நீள் விரிவு எண் 0.000012, சராசரி வெப்பநிலை உயர்வு 300° செ. எனக் கொள்வோம். 100 × 0.000012 × 300 = 0.36 மி.மீ. வால்வைத் தாங்கும் அலுமினியத் தலைப்பகுதியும் விரிவதால் இம்முழு அளவும் தேவைப்படுவதில்லை. பல சிறிய வண்டிகளுக்கு 0.1 மி.மீ. அளவே போதும். ஆனால் அதுவும் இல்லையென்றால்?

நீண்ட தண்டு ராக்கரில் முட்டும். வால்வு தன் இருக்கையில் முழுமையாக அமராது. எக்சாஸ்ட் வால்வு தன் வெப்பத்தின் பெரும்பகுதியை அவ்விருக்கையைத் தொட்டுத்தான் இழக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், வால்வு நொடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. அந்தச் சிறு பொழுதுகளில் தொடுகை இல்லையேல் அது மேலும் சூடாகும்; சூடானால் மேலும் நீளும்; நீண்டால் தொடுகை இன்னும் குறையும். இடுக்கின் வழியே கசியும் அனல் வாயு விளிம்பை அரித்துவிடும்.

இடைவெளி மிகுந்தால் ஓசையும் தேய்மானமும் உண்டு, திறனும் சற்றுக் குறையும். ஆனால் அவ்வோசை நம்மை எச்சரிக்கிறது. இடைவெளி குறைந்தாலோ எச்சரிக்கையே இல்லை. இருக்கை தேயத் தேய வால்வு உள்ளே அமிழ்ந்து, இடைவெளி தானாகவே குறைவதும் உண்டு. ஆகவே பழைய டேப்பெட் சத்தம் திடீரென நின்றுபோனால் நான் மகிழ்வதில்லை!

சரிசெய்ய விரும்புவோர் விவரம் அறிந்த பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்க. எஞ்சின் ஓரிரவு முழுவதும் ஆறியிருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளையைக் கட்டைவிரலால் மூடி, கிக்கரைக் கையால் மெல்ல நகர்த்துங்கள். காற்று விரலைத் தள்ளினால் அது அமுக்க வீச்சு. அதன் முடிவில் பிஸ்டன் உச்சியை அடையும்போது இரு வால்வுகளும் மூடியிருக்கும். வண்டியின் கையேடு கூறும் கனமுள்ள ஃபீலர் கேஜ் தகட்டை இடைவெளியில் நுழைத்தால், அது இலேசான உராய்வுடன் நகர வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது திருகும் உடன் சுழன்றுவிடும். எனவே இறுக்கியபின் மீண்டும் அளக்க வேண்டும். இரண்டாம் முறை நான் நான்கு தடவை அளந்தேன்.