தோல்வி காணாத முதல் அணி

ஆடுகளங்களின் வரலாறு – 12

சென்ற வாரம் மைலன் பள்ளியின் கதையைப் பார்த்தோம். 161 மாணவர்கள் மட்டுமே படித்த ஒரு கிராமத்துப் பள்ளி, 1954 மார்ச் 20 அன்று மன்சி சென்ட்ரல் என்ற பெரிய பள்ளியை 32–30 என்று வீழ்த்தி, அமெரிக்காவின் இண்டியானா மாநிலக் கூடைப்பந்துக் கோப்பையை வென்றது. அந்த வெற்றியை வைத்துத்தான் 1986இல் ‘ஹூசியர்ஸ்’ படம் எடுத்தார்கள்.

அந்தக் கதையைக் கேட்ட எவருக்கும் ஒரு கேள்வி எழும். அப்படியென்றால் இண்டியானா கண்ட பள்ளி அணிகளிலேயே தலைசிறந்தது மைலன்தானா? மாநிலத்தின் முடிதிருத்தும் கடைகளிலும் உணவகங்களிலும் மூன்று தலைமுறையாக ஓயாமல் நடக்கிற வாக்குவாதம் இது. இந்த வாரம் அதற்குள் இறங்குவோம். என் தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தப் போட்டியின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். இண்டியானா பள்ளிகளுக்கான மாநிலப் போட்டி 1911இல் தொடங்கியது. 1997 வரை அதில் பிரிவுகளே கிடையாது. ஆயிரக்கணக்கில் மாணவர்கள் படிக்கும் நகரத்துப் பள்ளியும் நூறு பேர் படிக்கும் கிராமத்துப் பள்ளியும் ஒரே கோப்பைக்கு மோத வேண்டும். 1950களில் 750 பள்ளிகள் வரை களத்தில் இருந்தன. செக்ஷனல், ரீஜனல், செமிஸ்டேட், ஸ்டேட் என்று நான்கு கட்டங்கள். எந்தக் கட்டத்தில் தோற்றாலும் அதோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒரே நாளில் காலையில் ஓர் ஆட்டம், இரவில் இன்னோர் ஆட்டம் என்று விளையாட வேண்டிய சனிக்கிழமைகளும் உண்டு.

பருவம் முழுக்கத் தோற்காமல் இருந்து, இந்தச் சல்லடையிலும் தப்பிக் கோப்பையைத் தொடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு வரலாறே சாட்சி. போட்டி தொடங்கி 45 ஆண்டுகள் எந்த அணியாலும் அது முடியவில்லை.

இந்த ஆட்டத்தின்மேல் அந்த மக்களுக்கு இருக்கும் பற்று சாதாரணமானதல்ல. 20 ஆயிரம் பேர்கூட வசிக்காத நியூ காசில் என்ற ஊரில், ஆயிரக்கணக்கானோர் உட்காரக்கூடிய கூடைப்பந்து அரங்கம் ஒரு பள்ளிக்குச் சொந்தமாக இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் இறுதியாட்டத்தில், பெட்ஃபோர்ட் நார்த் லாரன்ஸ் பள்ளிக்காக டேமன் பெய்லி ஆடுவதைக் காண இண்டியானாபோலிஸ் நகரின் ஹூசியர் டோமில் 41,046 பேர் கூடினார்கள். கூடியது பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு. இப்படிப்பட்ட மண்ணில் ‘தலைசிறந்த அணி’ என்ற பட்டத்தை எளிதில் யாருக்கும் கொடுத்துவிட மாட்டார்கள்.

மைலனை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. அதன் வெற்றி மகத்தானது. மைலனுக்குப் பிறகு அவ்வளவு சிறிய பள்ளி எதுவும் பிரிவுகளற்ற கோப்பையை வென்றதில்லை. ஆனால் அந்தப் பருவத்தில் அது இரண்டு முறை தோற்றது. இறுதியாட்டத்தின் கடைசிக் கால்பகுதியில், நான்கு நிமிடங்களுக்கு மேல் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு மைலன் ஆட்டக்காரர் பிளம்ப் அசையாமல் நின்றார். தன்னைவிட வலிய அணியிடம் கையாண்ட மதிநுட்பம் அது. அந்த வலிமையைத் தானே பெற்றிருந்த அணியைத்தான் நாம் தேடுகிறோம்.

பழைய அணிகளில் முதலிடம் ஃபிராங்க்ளினுக்கு. 1920, 1921, 1922 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கோப்பை. ஃபஸி வாண்டிவியர் அதன் நாயகன். ஆனால் ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் நடுவட்டத்துக்கு வந்து பந்தைத் தூக்கிப் போட்டு ஆட்டத்தை மீண்டும் தொடங்கிய காலம் அது. இன்றைய ஆட்டத்தோடு அதை ஒப்பிட வழியில்லை. மரியாதையோடு கடந்து செல்வோம்.

1969இல் இண்டியானாபோலிஸின் வாஷிங்டன் பள்ளி 31 ஆட்டங்களில் 31 வெற்றி. ஜார்ஜ் மெகின்னிஸ், ஸ்டீவ் டவுனிங் என்ற இரு மலைகள் ஒரே அணியில். அடுத்த ஆண்டு, எஃகு ஆலைகள் நிறைந்த ஈஸ்ட் சிகாகோவின் ரூஸ்வெல்ட் பள்ளி தோல்வியே இல்லாமல் வென்றது. அதற்கடுத்த ஆண்டு அதே ஊரின் வாஷிங்டன் பள்ளி 29–0. ஒரே ஊர், இரண்டு பள்ளிகள், அடுத்தடுத்து இரண்டு தோல்வியற்ற சாம்பியன்கள்!

அந்த 1971 வாஷிங்டன் அணியை நினைத்தாலே வியப்பாக இருக்கிறது. ஜூனியர் பிரிட்ஜ்மன் பின்னாளில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் வீரர். கரீம் அப்துல் ஜப்பாரை லேக்கர்ஸ் வாங்கியபோது மில்வாக்கிக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். பீட் டெர்கோவிச், யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் ஜான் வுடனிடம் ஆடித் தேசியக் கோப்பைகளை வென்றார். அந்த வுடனே 1927இல் மார்ட்டின்ஸ்வில் பள்ளிக்காக இண்டியானா கோப்பையை வென்றவர்தான். டிம் ஸ்டாடர்ட் நார்த் கரோலினா ஸ்டேட் அணியோடு 1974இல் தேசிய சாம்பியன் ஆனார். பிறகு பேஸ்பாலுக்குத் தாவி 1983 வேர்ல்ட் சீரிஸ் வென்ற பால்டிமோர் அணியில் பந்து வீசினார். ஒரே பள்ளி வரிசையில் இத்தனை பேர்! ஆட்டக்காரர்களின் திறமையை மட்டும் எடைபோட்டால் பிரிவுகளற்ற காலத்தில் இந்த அணியை மிஞ்ச ஆள் கிடைப்பது அரிது.

1985, 1986, 1987 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் கோப்பையை வென்ற மேரியன் பள்ளிதான் ஃபிராங்க்ளினின் சாதனையைச் சமன் செய்தது. ஜே எட்வர்ட்ஸ், லிண்டன் ஜோன்ஸ் இருவரும் இரட்டைக் காளைகள் போல அந்த அணியை இழுத்துச் சென்றார்கள். ‘மிஸ்டர் பாஸ்கெட்பால்’ விருதை 1987இல் இருவருக்கும் பகிர்ந்தே கொடுத்தார்கள். பயிற்சியாளர் பில் கிரீன், 1969இல் இண்டியானாபோலிஸின் வாஷிங்டன் பள்ளியை வெல்லவைத்த அதே மனிதர். மொத்தம் ஆறு மாநிலக் கோப்பைகள் அவர் பெயரில்.

பிறகு லாரன்ஸ் நார்த். 2004, 2005, 2006இல் தொடர்ந்து வெற்றி. கடைசி ஆண்டு 29–0. ஏழடி உயர கிரெக் ஓடனும் மைக் கான்லியும் அதன் தூண்கள். மறு ஆண்டே என்பிஏ தேர்வில் ஓடன் முதல் ஆளாகவும் கான்லி நான்காவது ஆளாகவும் எடுக்கப்பட்டார்கள். 1997–98 பருவத்திலிருந்து போட்டியை மாணவர் எண்ணிக்கைப்படி நான்கு பிரிவுகளாகப் பிரித்துவிட்டதால், இந்த வெற்றிக்கு மதிப்புக் குறைவு என்று மூத்தவர்கள் வாதிடுவார்கள். அதை நான் ஏற்கவில்லை. லாரன்ஸ் நார்த் ஆடியது மிகப் பெரிய பள்ளிகளுக்கான பிரிவில். பழைய முறையே இருந்திருந்தாலும் அது கடக்க வேண்டிய எதிரிகள் பெரும்பாலும் அவர்களேதான்.

இனி, என் மனத்தில் முதலிடம் பெற்ற அணிக்கு வருகிறேன். 1956ஆம் ஆண்டின் கிறிஸ்பஸ் அட்டக்ஸ்.

1770இல் பாஸ்டனில் பிரிட்டிஷ் படையினர் சுட்டதில் முதலில் உயிரிழந்த கறுப்பினத்தவரின் பெயர் அது. 1920களில் இண்டியானாவில் வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானின் செல்வாக்கு உச்சத்தில் இருந்தது. அந்தக் காலச் சூழலில்தான், கறுப்பின மாணவர்களை மற்ற பள்ளிகளிலிருந்து பிரித்து ஒதுக்குவதற்காக, இண்டியானாபோலிஸில் 1927இல் அந்தப் பள்ளியைத் திறந்தார்கள். ஒதுக்குவதற்காகக் கட்டிய கட்டடத்தை அங்கிருந்த ஆசிரியர்கள் கல்விக்கூடமாக உயர்த்தினார்கள். முதுகலையும் முனைவர் பட்டமும் பெற்றிருந்தும் வேறெங்கும் வேலை மறுக்கப்பட்டவர்கள் பலர் அங்கே பாடம் நடத்தினார்கள்.

ஆடுகளத்தில் நிலைமை இன்னும் மோசம். 1942 வரை மாநிலப் போட்டியில் அட்டக்ஸ் நுழையவே முடியாது. பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம் பார்வையாளர்களை உட்காரவைக்க வசதியில்லாத சிறிய இடம். அதனால் ஊர் ஊராகப் போய் ஆடினார்கள். வழியில் உணவகங்கள் கதவைச் சாத்தின. நடுவர்களின் விசிலும் அவர்களுக்கு எதிராகவே அதிகம் ஒலித்தது. 1950இல் பொறுப்பேற்ற பயிற்சியாளர் ரே குரோ அதற்கும் பிள்ளைகளைத் தயார்ப்படுத்தினார். முதல் பத்துப் புள்ளிகள் நடுவர்களுக்குப் போய்விடும், அதற்குப் பிறகு எடுப்பதுதான் நமக்கு என்று சொல்லியே களத்துக்கு அனுப்புவார். கோபத்தைக் காட்டக் கூடாது, முறையிடக் கூடாது, ஆட்டத்தில் காட்ட வேண்டும் என்பது அவர் வகுத்த ஒழுங்கு. ஏழு பருவங்களில் அவர் அணி 179 ஆட்டங்களில் வென்றது. தோற்றது 20இல் மட்டும்.

ஆஸ்கர் ராபர்ட்சன் அந்த அணிக்கு வந்தார். டென்னசியில் பிறந்து, குடும்பத்தோடு இண்டியானாபோலிஸுக்குக் குடிபெயர்ந்த சிறுவன். பந்து வாங்கக் காசில்லை. கந்தல் துணியை ரப்பர் பேண்டால் சுற்றி, வீட்டுக்குப் பின்னால் தொங்கவிட்ட பழக்கூடையில் எறிந்து பழகியவர். 1954 செமிஸ்டேட்டில் மைலனிடம் அட்டக்ஸ் 65–52 என்று தோற்றபோது அவரும் களத்தில் இருந்தார்.

மறு ஆண்டு அந்தத் தோல்விக்கு விடை கிடைத்தது. 1955 பருவத்தில் 31 வெற்றி, ஒரே தோல்வி. அதுவும் கானர்ஸ்வில்லிடம் ஒரு புள்ளி வித்தியாசத்தில். செமிஸ்டேட்டில் மன்சி சென்ட்ரலை 71–70 என்று கடந்தார்கள். கடைசி நொடிகளில் எதிரணியின் பாஸை ராபர்ட்சன் பாய்ந்து பறித்ததால் கிடைத்த வெற்றி அது. இறுதியில் எதிரே நின்றது கேரி ரூஸ்வெல்ட், அதுவும் கறுப்பின மாணவர்களின் பள்ளி. பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிப் பத்து மாதம்தான் ஆகியிருந்தது. அட்டக்ஸ் 97–74 என்று வென்றது. தலைநகர் இண்டியானாபோலிஸுக்கு அதுவே முதல் மாநிலக் கோப்பை. எல்லாப் பள்ளிகளும் ஆடும் ஒரு மாநிலப் போட்டியை, கறுப்பின மாணவர்கள் மட்டுமே படிக்கும் பள்ளி வென்றது அமெரிக்காவிலேயே அதுதான் முதல் முறை.

அந்தப் புள்ளிகளைக் கவனியுங்கள். அதே பட்லர் ஃபீல்ட்ஹவுஸ் அரங்கம். 1954இன் சாம்பியன் எடுத்தது 32. மறு ஆண்டின் சாம்பியன் எடுத்தது 97. பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தும் ஆட்டம் ஒருபுறம். பந்தைப் பறித்தவுடன் மின்னலாக எதிர்முனைக்கு ஓடி, ஒரு கையால் எம்பி எறியும் ஆட்டம் மறுபுறம். மாநிலம் முழுவதும் இனி எப்படி ஆட வேண்டும் என்பதை அட்டக்ஸ் ஓர் ஆண்டில் மாற்றிவிட்டது.

1956இல் தோல்வியே இல்லை. வில்லி மெரிவெதர் போன்ற முக்கியமானவர்கள் படிப்பு முடிந்து போய்விட்டார்கள். ஆனாலும் 31 ஆட்டங்கள், 31 வெற்றிகள். இறுதியில் லஃபாயெட் ஜெபர்சனை 79–57 என்று அடித்தார்கள். அதில் ராபர்ட்சன் எடுத்தது 39 புள்ளிகள். இண்டியானா வரலாற்றில் தோல்வி காணாத முதல் சாம்பியன் பிறந்தது. முந்தைய ஆண்டிலிருந்து எண்ணினால் தொடர்ந்து 45 வெற்றிகள். அரை நூற்றாண்டு கழித்து ஓடனின் லாரன்ஸ் நார்த் 2006 கோப்பையோடு நின்ற இடமும் அதே 45தான்.

வென்றவர்களை ஊர் எப்படி வரவேற்றது? 1955இல் தீயணைப்பு வண்டியில் ஏற்றி, நகரின் மையமான மானுமென்ட் சர்க்கிளை ஒரு சுற்றுச் சுற்றவைத்து, கறுப்பின மக்கள் வாழும் பகுதியின் பூங்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். நகர மையத்தில் கொண்டாட விட்டால் கலவரம் வரும் என்று அதிகாரிகள் அஞ்சினார்களாம். நகரத்துக்கு முதல் கோப்பையைக் கொண்டுவந்த பிள்ளைகள் மீது வைத்த நம்பிக்கை அவ்வளவுதான். ராபர்ட்சன் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் அந்தக் காயத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஒலிம்பிக் தங்கமும் என்பிஏ பட்டமும் வந்த பிறகும் அது ஆறவில்லை.

‘ஹூசியர்ஸ்’ படத்தின் இறுதியாட்டத்தில், தோற்கும் அணியின் பயிற்சியாளராக நடித்திருப்பவர் ரே குரோ. மைலனை உலகமே அறிந்துகொண்ட அந்தப் படத்தில், இரண்டு மாநிலக் கோப்பைகள் வென்ற பயிற்சியாளருக்குக் கிடைத்த இடம் அது. அட்டக்ஸின் கதை மக்களிடம் போய்ச் சேர எவ்வளவு காலம் பிடித்தது என்பதை இதிலிருந்தே உணரலாம்.

ஓடனின் அணியும் அட்டக்ஸும் நேருக்கு நேர் மோதினால் யார் வெல்வார் என்று கேட்டால், ஓடனின் அணிதான். ஏழடி மனிதரைத் தடுக்க 1956இல் ஆளில்லை. உணவும் பயிற்சியும் 50 ஆண்டுகளில் எவ்வளவோ வளர்ந்துவிட்டன. அந்த அளவுகோலை எடுத்தால் எந்தத் துறையிலும் கடைசியாக வந்தவரே சிறந்தவர் ஆகிவிடுவார். தன் காலத்து எதிரிகளைவிட ஓர் அணி எவ்வளவு உயரத்தில் நின்றது, தனக்குப் பின் ஆட்டத்தை எவ்வளவு மாற்றியது, எத்தனை தடைகளைத் தாண்டி வந்தது என்ற மூன்றையும் நான் கேட்கிறேன். முதல் கேள்வியில் மற்றவர்கள் அட்டக்ஸோடு தோள் உரசலாம். அடுத்த இரண்டிலும் அதன் அருகில் யாருமே இல்லை.

அட்டக்ஸ் வென்ற பிறகு, மற்ற நகரப் பள்ளிகளும் கறுப்பின ஆட்டக்காரர்களைத் தேடி வரவேற்கத் தொடங்கின. 1969இல் வாஷிங்டன் பள்ளியில் கறுப்பின, வெள்ளை மாணவர்கள் ஒரே சட்டை அணிந்து ஆடிய அந்தத் தோல்வியற்ற அணிக்கும் பாதை போட்டது அட்டக்ஸ்தான்.

வீட்டு மைதானம் இல்லாமல், விசில் எதிராக ஒலிக்க, வழியில் சோறு கிடைக்காமல், 31 முறை களமிறங்கி 31 முறையும் வென்ற அணி இண்டியானாவின் தலைசிறந்த பள்ளி அணி. இதுவே என் தீர்ப்பு.

(அடுத்த வாரம்: என்பிஏ மீது ஆஸ்கர் ராபர்ட்சன் தொடுத்த வழக்கு)