தெருவோரச் சிறார்களும் கலையும்

தெருவையே வீடாகவோ பிழைப்பிடமாகவோ கொண்டு வாழும் குழந்தைகள் தெருவோரச் சிறார்கள் எனப்படுகின்றனர். வறுமை, வீட்டு வன்முறை, பெற்றோரின் இழப்பு முதலியவை இவர்களைத் தெருவுக்குத் தள்ளுகின்றன. பசியைவிட ஆறக் கடினமானது, யாரையும் நம்ப முடியாத மனநிலை. அந்தக் காயத்தை ஆற்றக் கலை ஒரு வழியாகப் பயன்படுகிறது.

கலை உதவும் விதம்

"உனக்கு என்ன நேர்ந்தது?" என்று நேராகக் கேட்டால் பல குழந்தைகள் வாய் திறப்பதில்லை. அதே குழந்தை படம் வரையும்போதும், வேறொருவரின் கதையை நடிக்கும்போதும் தன் துயரை வெளிப்படுத்துகிறது. பாத்திரம் அதற்கு ஒரு திரையாகிறது. பலர் கூடி ஒரே தாளத்துக்கு ஆடும்போதும் பாடும்போதும் பிறரை நம்பிப் பழகுகிறது. தான் செய்ததைப் பிறர் பார்த்து மகிழ்வதால் தன்மதிப்பு பிறக்கிறது.

சலாம் பாம்பே

இதற்கு நல்ல சான்று, மீரா நாயர் இயக்கிய 'சலாம் பாம்பே' (1988) திரைப்படம். பம்பாய்த் தெருக்களில் வாழ்ந்த சிறார்கள் இதில் நடித்தனர். அதற்கு முன் நாடக ஆசிரியர் பேரி ஜான் அவர்களுக்கு நடிப்புப் பயிற்சி அளித்தார். படம் கான் விழாவில் விருது பெற்றது. அதைத் தொடர்ந்து, இத்தகைய சிறார்களுக்காகச் சலாம் பாலக் அறக்கட்டளை உருவானது. தங்குமிடம், கல்வி, மருத்துவம், மனநல ஆலோசனை ஆகியவற்றுடன் நாடகம், நடனம், பொம்மலாட்டம் போன்ற கலைகளுக்கும் அது இடமளிக்கிறது.

இரு வாழ்க்கைகள்

மேற்கு வங்கத்தின் புருலியாவிலிருந்து 11 வயதில் வீட்டைவிட்டு ஓடிய விக்கி ராய், புது டெல்லி தொடர்வண்டி நிலையத்தில் குப்பை பொறுக்கிப் பிழைத்தார். இவ்வறக்கட்டளையின் இல்லத்தில் வளர்ந்து, ஒளிப்படக் கலையைக் கற்றார். 2007இல் தெருச் சிறார்களைப் பற்றிய தம் முதல் கண்காட்சியை நடத்தினார்.

'சலாம் பாம்பே'யின் நாயகச் சிறுவன் சஃபீக் சையது தேசிய விருது பெற்றார். ஆயினும் நடிப்பு வாய்ப்புகள் தொடரவில்லை. பின்னாளில் பெங்களூருவில் ஆட்டோ ஓட்டி வாழ்ந்தார்.

கலையின் எல்லை

கைதட்டல் ஓய்ந்த பிறகும் குழந்தைக்கு உணவும் உறங்க இடமும் படிப்பும் வேண்டும். விசாரிக்க ஒரு பெரியவரும் வேண்டும். கலை அடைபட்ட மனத்தைத் திறக்கிறது. திறந்த மனத்துக்கு அமைதி நிலைக்க வேண்டுமானால், அக்கறையும் ஆதரவும் நாள்தோறும் தொடர வேண்டும்.